பேசும் வண்டி, கேட்கும் ஊர்

1

செஞ்சிக்குத் தெற்கே பனமலையில் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் குன்றின்மேல் இருக்கிறது. அங்கே சிறு சன்னதி ஒன்றின் சுவரில் 8ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று உண்டு. மகுடம் தரித்த தேவி ஒரு காலை மடித்துச் சுவரில் சாய்ந்தபடி சிவனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஆடிய சிவனின் உருவம் பெரும்பகுதி அழிந்துவிட்டது. பார்த்தவள்தான் மிஞ்சியிருக்கிறாள். கலை வரலாற்றுக்காரர்கள் வழக்கமாக ஆடியவனிலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள். நாம் ஒரு மாறுதலுக்கு மிஞ்சியவளிடமிருந்து தொடங்குவோம்.

குன்றிலிருந்து இறங்கினால் டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மாலையில் போலீஸ் ஜீப் ஒன்று வந்து நின்றது. வண்டிக்குள் வயர்லெஸ் கரகரத்துக்கொண்டே இருந்தது. நம்மூரில் அதற்குப் பெயர் ‘மைக்’. ‘மைக்ல சொல்லிட்டாங்க’, ‘மைக்ல கூப்புடுறாங்க’ என்றுதான் போலீஸ்காரர்களும் சொல்வார்கள். எண்கள், ஊர்ப் பெயர்கள், ‘ஓவர்’ என்று ஏதேதோ வந்து விழுந்தன. பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்கள். ஜீப் போன பிறகு ‘என்னய்யா சொல்லிச்சு அது?’ என்று ஒருவர் கேட்க, கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: ‘அது நம்மகிட்ட பேசாதுங்க. நம்மளப் பத்திதான் பேசும்.’

தகவல் தொடர்பு குறித்து நாம் சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதிய எதிலும் இவ்வளவு துல்லியமான ஒரு வரையறை வந்ததாக எனக்கு நினைவில்லை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை. ஜீப்புக்குள் இருக்கும் அந்தப் பெட்டியின் பூர்வீகம் போர். டாங்கியிலும் கவச வண்டியிலும் லாரியிலும் ஏற்றப்பட்ட ராணுவ வானொலிதான் அதற்குத் தாய். அந்தப் பெட்டியை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். இயந்திரத்தை வாசிப்பதா என்று முகம் சுளிப்பவர்கள், கோயில் சுவரை மட்டும் எப்படி வாசிக்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளட்டும்.

2

முதலில் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளைச் சுவரால் பிணைத்துச் செஞ்சிக் கோட்டை நிற்கிறது. 2025 ஜூலையில் மராட்டியர் ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பின் கீழ், மகாராஷ்டிரக் கோட்டைகளோடு சேர்த்து, யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. ஊர் பெருமைப்பட்டுக்கொண்டது. பெருமை இருக்கட்டும். குன்றின்மேல் கோட்டை கட்டுவதன் தர்க்கம் என்ன? உயரத்தில் இருப்பவன் பார்க்கிறான், கீழே இருப்பவன் பார்க்கப்படுகிறான். கண் எட்டும் தூரம்வரைதான் அதிகாரம். அதற்கு அப்பால் குதிரையும் ஓட்டக்காரனும் வேண்டும்.

முகலாயப் படை 1690இலிருந்து 1698வரை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. உள்ளே ராஜாராம், வெளியே சுல்பிகர் கான். ஔரங்கசீப்பின் ஆணை தக்காணத்து முகாமிலிருந்து புறப்பட்டு இங்கே வந்து சேர நாள்கள் ஆகும். பதில் போய்ச்சேர இன்னும் பல நாள்கள். அந்த இடைவெளியில் என்னென்னவோ நடக்கலாம். தளபதி தயங்கலாம், பேரம் பேசலாம், ஆணை வந்ததே தெரியாததுபோல இருக்கலாம். எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பல காரணங்கள் உண்டு. கட்டளைக்கும் செயலுக்கும் இடையிலிருந்த அந்த மெதுவான வெளியும் அவற்றில் ஒன்று என்று சொன்னால் தவறில்லை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து மாண்ட தேசிங்குராஜனின் கதைப்பாடலில்கூட, மணக்கோலத்தில் இருக்கும் நண்பனுக்குச் சேதி போய்ச் சேர்வது தனி நிகழ்ச்சியாகவே வரும். சேதி நடந்து வரும். கேட்பவன் யோசித்து எழுந்து போவான். கீழ்ப்படிவதா இல்லையா என்று முடிவெடுக்க ஒரு மூச்சு நேரமாவது இருந்தது.

வண்டியில் ஏறிய வானொலி இந்த மூச்சு நேரத்தைத்தான் முதலில் பிடுங்கிக்கொண்டது. குன்று இனி ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை. அது சக்கரம் கட்டிக்கொண்டு ஓடலாம். கண்ணுக்குப் பதில் காது. அதிகாரத்தின் மையம் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு நகரத் தொடங்கியது. வேகமே அரசியல் என்று பால் விரிலியோ சொல்வதன் பொருள் நமக்குப் புரிய பாரிஸ் போக வேண்டியதில்லை. ராஜகிரியில் பாதி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கீழே பார்த்தால் போதும்.

3

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ், காமன்வெல்த் படைகளின் டாங்கிகளில் பரவலாக இருந்தது ‘19ஆம் எண் வயர்லெஸ் செட்’. கேம்பிரிட்ஜின் பை நிறுவனம் வடிவமைத்தது, 1941வாக்கில் படைக்கு வந்தது. வண்டியின் பாட்டரியில் ஓடும். ஒரே பெட்டிக்குள் மூன்று கருவிகள். ‘ஏ’ என்பது 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ்வரை பேசும் தொலைதூர செட். வண்டி ஓடும்போது பத்து மைல் அளவுக்குக் குரல் எட்டும், ரெஜிமென்ட் தலைமையுடன் பேச. ‘பி’ என்பது 235 மெகாஹெர்ட்ஸ் ஒட்டிய அலைவரிசையில் பக்கத்து டாங்கியுடன் பேச, ஒரு கிலோமீட்டர் சுமாருக்கு. மூன்றாவது ‘ஐ.சி.’, டாங்கிக்குள் இருக்கும் ஆட்கள் எஞ்சின் இரைச்சலில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள. கமாண்டரின் கையருகே ஒரு சிறு பெட்டியில் சாவி இருக்கும். ஏ, ஐ.சி., பி. மூன்று நிலை. திருப்பினால் மேலே பேசலாம், உள்ளே பேசலாம், பக்கத்தில் பேசலாம்.

இந்தச் சாவியைக் கவனியுங்கள். மொத்தச் சமூக உறவும் மூன்று நிலைகளுக்குள் அடக்கப்பட்டிருக்கிறது. மேலதிகாரி, கூட்டாளி, தன் ஆள். டாங்கி எந்த ஊர் வழியாகப் போகிறதோ அந்த ஊரோடு பேச நான்காவது நிலை கிடையாது. நான்காவது நிலை இல்லாதது பொறியாளரின் மறதி இல்லை. அப்படி ஒரு நிலைக்குத் தேவை எழாத விதத்தில்தான் அந்த உலகமே வடிவமைக்கப்பட்டிருந்தது. ஊர் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி, மைக்கில் ஒரு குறியீட்டுச் சொல். அதைப் பற்றிப் பேசலாம். அதோடு பேச முடியாது.

அடுத்து ‘நெட்டிங்’ என்ற சடங்கு. ஒரு வலைப்பின்னலில் ஒரு நிலையம் ‘கண்ட்ரோல்’. அது ஒரு சமிக்ஞையை அனுப்பும். மற்ற வண்டிகளின் ஆபரேட்டர்கள் தங்கள் செட்டின் திருகைத் திருப்புவார்கள். காதில் விசில் போல ஒரு சத்தம் கேட்கும். திருகத் திருக அது தணிந்து, தணிந்து, கடைசியில் மௌனமாகும். மௌனம் வந்துவிட்டால் கண்ட்ரோலோடு சரியாகப் பொருந்திவிட்டீர்கள் என்று அர்த்தம். உங்களுக்கும் மையத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த விசில். வித்தியாசம் செத்தால் உரையாடல் தொடங்கும். இது இயற்பியல்தான், சந்தேகமில்லை. ஆனால் கருத்தியல் எப்படி வேலை செய்கிறது என்று அல்தூஸரை முன்வைத்து நாம் எத்தனையோ கூட்டங்களில் மாய்ந்து மாய்ந்து விளக்கியதை, ஒரு சிக்னல் ஆபரேட்டர் விரல் நுனியால் தினமும் செய்துகொண்டிருந்தான்.

இன்னொரு சேதி. கனடாவில் செய்யப்பட்ட 19ஆம் எண் செட்கள் பலவற்றின் முகப்பில் எழுத்துகள் இரண்டு மொழியில் இருக்கும். ஆங்கிலம், ரஷ்யன். சோவியத்துக்கு அனுப்பவேண்டி அப்படிச் செய்தார்கள். கம்யூனிஸ்டுகளின் மொழிக்குக்கூட அந்த இரும்புத் தகட்டில் இடம் கிடைத்தது. 4ஆம் இந்திய டிவிஷன் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டது. சென்னை மாகாணத்துச் சாப்பர்கள் அங்கே மண் வெட்டினார்கள், கண்ணிவெடி எடுத்தார்கள். இந்திய மொழி எதுவும் அந்தத் தகட்டில் ஏறவில்லை. கூட்டாளியின் மொழி எழுதப்படும். குடிமகனாக்கப்படாத சிப்பாயின் மொழி எழுதப்படாது. பெயர்ப் பலகைக்காகப் போராடிய நமக்கு இது புதிதில்லை.

பாலைவனத்திலேயே இன்னொரு பாடமும் எழுதப்பட்டது. ரொம்மெலிடம் 621 என்ற எண் கொண்ட ஒட்டுக்கேட்புக் கம்பெனி ஒன்று இருந்தது. பிரிட்டிஷ் வண்டிகள் காற்றில் கவனமில்லாமல் பேசியதை அது உட்கார்ந்து கேட்டது. 1942 ஜூலை 10 அன்று தெல் எல் ஈசாவில் ஆஸ்திரேலியப் படை அந்தக் கம்பெனியைப் பிடித்தபோது ரொம்மெல் ஒரு காதை இழந்தார். காற்றில் பேசுகிறவன் தான் இருக்கும் இடத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறான். கட்டளையின் கருவியே காட்டிக்கொடுக்கும் கருவி. இந்த இரட்டைத்தன்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

4

இனி நம்முடைய ஆதர்சங்களுக்கு வருவோம். 1932இல் பெர்டோல்ட் பிரெக்ட் வானொலி பற்றி ஆற்றிய உரை இடதுசாரி ஊடகச் சிந்தனையில் வேதம் மாதிரி. வானொலி ஒருவழியாக விநியோகம் மட்டும் செய்கிறது, அதை இருவழியாக்க வேண்டும், கேட்பவனைப் பேசவும் வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாமும் இதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். அந்த உரையை மறுபடி எடுத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. இருவழிப் பேச்சை வருங்காலக் கனவாக முன்வைக்கிறார் பிரெக்ட். ஆனால் இருவழி வானொலி ஏற்கெனவே இருந்தது, கப்பல்களிலும் ராணுவத்திலும். மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

ஓராண்டு கழித்து, 1933இல், நாஜிகள் மலிவு விலையில் ‘மக்கள் வானொலி’யைக் கொண்டுவந்தார்கள். கேட்க மட்டும். அதே ஜெர்மனி அதே ஆண்டுகளில் டாங்கிகளில் வானொலி ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றுவதில் முன்னின்ற குடேரியன் முதல் உலகப்போரில் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்தவர். 1940 மேயில் பிரான்ஸைச் சாய்த்த படை அதுதான். எதிரே நின்ற பிரெஞ்சு டாங்கிகள் பலவற்றில் வானொலியே இல்லை.

இதில் நமக்கு முக்கியமானது வேறு. தொடக்ககால ஜெர்மன் டாங்கிகளில் சாதாரண டாங்கிக்கு ‘ஃபூ 2’ என்ற கருவி, அது கேட்க மட்டும். தலைவனின் டாங்கிக்கு ‘ஃபூ 5’, அது பேசவும் கேட்கவும். ஆக, வீட்டுக்குள் இருந்த மக்கள் வானொலியும் சாதாரண டாங்கியின் செட்டும் ஒரே தத்துவம். பேசுபவன் ஒருவன், மற்றவர் காது. உலோகம் தடிமனாக இருந்தது, அதைத் தவிர வித்தியாசமில்லை.

பிரெக்டை இதற்காக நிராகரிக்க வேண்டியதில்லை. அவர் கேள்வியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். கருவி ஒருவழியா இருவழியா என்பதோடு விஷயம் முடியாது. இருவழிக் கருவியும் கண்ட்ரோல் ஒன்றின் கீழ் நெட் செய்யப்பட்டிருந்தால், அதில் கீழிருந்து மேலே போவது அறிக்கை, மேலிருந்து கீழே வருவது ஆணை. அறிக்கை கொடுக்கும் உரிமையைப் பேச்சுரிமை என்று யாராவது சொன்னால் நாம் சிரிக்க வேண்டும்.

ஃபிரெடரிக் கிட்லர் என்ற ஜெர்மானியர் வேறு கோணத்தில் வருகிறார். பொழுதுபோக்கு ஊடகமெல்லாம் ராணுவக் கருவிகளைத் தவறாகப் பயன்படுத்தியதன் விளைவு என்பது அவர் கட்சி. அரைவாசி உண்மை. எதிர்த் திசையிலும் வண்டி ஓடியிருக்கிறது. அமெரிக்க ராணுவம் லாரியில் ஏற்றிய எஸ்.சி.ஆர்.-299 என்ற நடமாடும் நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர், ஹாலிகிராஃப்டர்ஸ் நிறுவனம் போருக்கு முன் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்காகச் செய்துகொண்டிருந்த ஒன்றிலிருந்து உருவானது. ஊரான் பேசிப் பழகிய கருவியைத்தான் ராணுவம் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு, ஊரான் கையில் இருந்ததைத் தடைசெய்தது. இதைக் கிட்லர் பேசுவதில்லை. கருவியைச் செய்த கைகளையும் அவர் பேசுவதில்லை.

5

அந்தக் கைகளில் சில நம்முடையவை. போர்க்கால வானொலியின் கண்டென்சருக்குள்ளும் வால்வுக்குள்ளும் மைகா வேண்டும். அப்ரகம் என்று நம் பழைய வைத்தியர்கள் சொல்லும் அதே பொருள். அப்போது உலகத்துக்கு நல்ல மைகாத் தகட்டின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போயிற்று. பீகாரில் கோடர்மா, சென்னை மாகாணத்தில் நெல்லூர் மாவட்டத்துக் கூடூர் வட்டாரம். பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து 1942இல் மைகா வாங்கவென்றே ஒரு கூட்டு அமைப்பை இங்கே நிறுவின. பாறையாக வரும் மைகாவைக் காகிதத்தைவிட மெல்லிய ஏடாகப் பிரிப்பது கைவேலை. இயந்திரத்துக்கு அந்த நுட்பம் வரவில்லை. பெண்களும் சிறுபிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து கத்தியால் பிரித்தார்கள்.

ரொம்மெலைத் துரத்திய டாங்கியின் குரல் அந்தப் பெண்களின் விரல் வழியாகத்தான் போனது. அவர்களில் ஒருத்திகூடத் தன் வாழ்நாளில் அந்த மைக்கைப் பிடித்திருக்க மாட்டாள். கருவியின் உள்ளே இருக்கலாம், கருவி முன்னால் உட்கார முடியாது. உழைப்பு அந்நியமாதல் பற்றி மார்க்ஸ் சொன்னதைப் புரிந்துகொள்ள இதைவிட மெல்லிய ஏடு கிடைக்காது.

சட்டமும் அதே வழி. 1885 தந்திச் சட்டம் போதாதென்று 1933இல் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம். 1939இல் போர் தொடங்கியதும் அமெச்சூர் உரிமங்கள் ரத்தாயின. 1942 ஆகஸ்ட் 27 அன்று பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் காங்கிரஸ் வானொலியைத் தொடங்கினார்கள். ரத்தான அமெச்சூர்களின் அறிவும் உதிரிபாகமும்தான் அதற்கு மூலதனம். பிடிபடாமலிருக்க வீடு வீடாக இடம் மாற்றினார்கள். போலீஸ் ஒலி வரும் திசையை மோப்பம் பிடிக்கும் வண்டியில் துரத்தியது. நவம்பர் 12 அன்று பிடித்தது. ஒரு பக்கம் கேட்கும் வண்டி, இன்னொரு பக்கம் ஓடும் குரல். கிட்லர் சொன்ன ‘தவறான பயன்பாடு’ என்ற சொல்லை நம் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வதானால் இங்கேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டிஷ்காரன் போனான். 1885ம் 1933ம் போகவில்லை. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் அவை சட்டப் புத்தகத்தில் இருந்தன. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அவற்றின் இடத்துக்கு வந்திருக்கிறது. பாதுகாப்பு காரணத்துக்காகத் தொடர்பை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அதிலும் பத்திரமாக இருக்கிறது. பெயர்தான் புதுசு.

6

இதுவரை சொன்னதைக் கேட்டு நம்மவர்கள் தலையாட்டியிருப்பார்கள். ஏகாதிபத்தியம், அரசு, போலீஸ், எல்லாம் சரி. இனிச் சொல்வதைக் கேட்டால் சிலருக்குக் கசக்கும்.

1986 நவம்பரில் தமிழகக் காவல்துறை சென்னையில் விடுதலைப் புலிகளின் வயர்லெஸ் கருவிகளைக் கைப்பற்றியது. பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்தார். ஆயுதத்தைப் பறித்ததற்கு இல்லாத அவசரம் கருவியைப் பறித்ததற்கு வந்தது. சில நாட்களில் எம்.ஜி.ஆர். அரசு கருவிகளைத் திருப்பிக் கொடுத்தது. கடலுக்கு இந்தப் பக்கம் தலைமை, அந்தப் பக்கம் களம், நடுவில் காற்று. அந்தக் காற்று அறுந்தால் இயக்கமே அறுந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒடுக்கப்பட்டவர் கைக்கு இருவழிக் கருவி வந்துவிட்டது, இனி பிரெக்டின் கனவுதான் என்று அன்று நாம் புல்லரித்தது உண்மை.

அடுத்த ஆண்டு அக்டோபர் 11 இரவு இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கியது. படையின் வானொலிப் பேச்சைப் புலிகள் முன்கூட்டியே கேட்டுக் காத்திருந்தார்கள் என்று பின்னாளில் பரவலாக எழுதப்பட்டது. இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் வானொலியாளன் தொடக்கத்திலேயே சுடப்பட்டான். தலைமையோடு தொடர்பு அறுந்தது. முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் செத்தார்கள், ஒருவன் பிடிபட்டான். பேசியவன் மாட்டினான். பாலைவனத்துப் பாடம் பல்கலைக்கழக மைதானத்தில் மறுபடி எழுதப்பட்டது. நம்மில் பலர் கைதட்டினோம். முதுகில் செட்டைச் சுமந்து வந்த அந்தப் பஞ்சாபி விவசாயி வீட்டுப் பையனை நாம் எண்ணவில்லை.

பத்து நாள் கழித்து, அக்டோபர் 21. தீபாவளி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்து சுட்டது. நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர், ஊழியர் என்று எழுபது பேரளவில் இறந்தார்கள். மறுநாள் கையை உயர்த்திக்கொண்டு, நாங்கள் மருத்துவர்கள் என்று சொன்னபடி முன்னே வந்த மருத்துவரும் சுடப்பட்டார். ‘முறிந்த பனை’ நூல் இதைப் பதிவுசெய்திருக்கிறது. அந்த ஊரில் அன்று காற்று நிறைய வயர்லெஸ் பேச்சு ஓடியிருக்கும். படையிடம் இருந்தது. இயக்கத்திடம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் கட்டிலுக்கடியில் கிடந்தவர்களிடம் மட்டும் இல்லை. ‘இங்கே நோயாளிங்கதான் இருக்கோம்’ என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சாவியும் இல்லை, சாவியில் ஒரு நிலையும் இல்லை. மனிதக் குரலை வைத்துக்கொண்டு நடந்து வந்தவரைச் சுட்டார்கள்.

கசப்பான பகுதி இதற்குப் பிறகு. இயக்கத்தின் வலைப்பின்னலில் மட்டும் நான்காவது நிலை இருந்ததா? 1986 ஏப்ரலில் டெலோ அழிக்கப்பட்டபோதும், அதே ஆண்டு டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தடைசெய்யப்பட்டபோதும் அதே கருவிகள்தான் கரகரத்துக்கொண்டிருந்தன. கண்ட்ரோலோடு பொருந்தாத விசில்கள் ஒவ்வொன்றாக மௌனமாக்கப்பட்டன. ‘முறிந்த பனை’யை எழுதியவர்களில் ஒருவரான ராஜனி திரணகம அரசையும் அமைதிப்படையையும் இயக்கங்களையும் ஒருசேரக் கேள்வி கேட்டவர். 1989 செப்டம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்காவது நிலையில் நின்று பேசுவது என்றால் என்ன என்பதற்கு இதற்குமேல் நான் உதாரணம் தேட மாட்டேன்.

ஒடுக்கும் படையும் எதிர்க்கும் படையும் ஒன்றுதான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். ஒடுக்கப்பட்டவர்கள் கருவியைக் கைப்பற்றியதில் தவறில்லை. கருவியோடு சேர்த்து அதன் இலக்கணத்தையும் கேள்வி இல்லாமல் வாங்கிக்கொண்டோம் என்பதுதான் என் வாதம். மேலே, உள்ளே, பக்கத்தில் என்ற அதே மூன்று நிலை. ஊரோடு பேசாமல் ஊரைப் பற்றிப் பேசும் அதே பழக்கம். கட்சிகளிலும், இயக்கங்களிலும், சொன்னால் கோபப்படாதீர்கள், நம் சிறுபத்திரிகைகளிலும் நடப்பது இதுதான். நாமும் பக்கத்து டாங்கியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

7

இந்தப் பக்கத்துக் கடலுக்கு வருவோம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைத் தாக்கியது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி ஆழ்கடலில் இருந்தார்கள். படகில் இருந்த வி.எச்.எஃப். செட் கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் அளவில்தான் எட்டும். எச்சரிக்கை அவர்களிடம் போய்ச்சேரவில்லை. தத்தளித்தவர்களின் குரலும் கரைக்கு வரவில்லை. பலர் திரும்பவே இல்லை. எண்பது வருடங்களுக்கு முன் டாங்கிக்குள் உட்கார்ந்திருந்தவனுக்குத் தலைமையோடு பேச வழி இருந்தது. நம் மீனவனுக்கு 2017இல் இல்லை.

பிறகு அரசு என்ன செய்தது? நாவிக் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகளைக் கொடுத்தது. புயல் எச்சரிக்கை வரும், மீன் இருக்கும் இடம் வரும், எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். நல்லதுதான். ஆனால் அது கேட்க மட்டும். ‘படகு கவிழுது, வாங்க’ என்று அதில் சொல்ல முடியாது. ஃபூ 2தான் இது, வேறென்ன? சாகப்போகிறவன் கையில் காதைக் கொடுத்துவிட்டு வாயைக் கரையிலேயே வைத்துக்கொண்டார்கள். பேச வேண்டும் என்று மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024இல் ஒரு லட்சம் படகுகளுக்கு இருவழி டிரான்ஸ்பாண்டர் என்று திட்டம் தொடங்கப்பட்டது. கண்காணிப்பும் அதன் நோக்கங்களில் ஒன்று. பேசினால் இடம் தெரிந்துவிடும் என்ற அந்தப் பழைய இரட்டைத்தன்மை இங்கேயும் கூடவே வந்து ஏறிக்கொண்டது. உயிர் காக்கவும் அதுதான், கணக்கு வைக்கவும் அதுதான். வாங்கிக்கொள்வோம். வாங்கும்போதே கேட்போம்: கண்ட்ரோல் யார் கையில்? பதிவு யாரிடம்? மீனவர் சங்கம் அந்த அறைக்குள் உட்காருமா?

2018 மே 22 தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்தார்கள். அடுத்த நாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது, சில நாட்களுக்கு. எந்த மைக் ஓய்ந்தது, எந்த மைக் ஓயவில்லை என்று பாருங்கள். மக்கள் கையில் இருந்த இருவழிக் கருவி செத்தது. போலீஸ் ஜீப்பின் கருவி உயிரோடு இருந்தது. கைபேசி வந்தபோது எல்லோருக்கும் பேச்சு வந்துவிட்டது, பிரெக்ட் ஜெயித்துவிட்டார் என்று எழுதியவர்கள் அந்த வாரத்தில் தங்கள் போனை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். பேச்சு வந்ததாகச் சொல்லப்பட்டது இரவல். சாவி வேறிடத்தில் இருந்தது.

8

திரும்பவும் பனமலை. மேலே சுவரில் தேவி நிற்கிறாள். கீழே சாலையில் ஜீப் போகிறது. கோயில் படியில் நான்கைந்து பையன்கள் டவர் கிடைக்கிறதா என்று போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குன்றின்மேல் ஏறினால்தான் சரியாக எடுக்கும் என்கிறார்கள். ராஜகிரியில் காவல் நின்றவனும் இதையேதான் சொல்லியிருப்பான்.

இருவழி வேண்டும் என்று கோரிக்கை வைத்தால் போதும் என்று நினைத்திருந்த காலம் முடிந்துவிட்டது. இருவழிக் கருவி ராணுவத்திடம் என்றோ வந்துவிட்டது, அது யாரையும் விடுவிக்கவில்லை. கண்ட்ரோல் மாறி மாறி வரும் வலை வேண்டும். பொருந்தாத விசிலைச் சகித்துக்கொள்ளும் காது வேண்டும். சாவியில் நான்காவது நிலை வேண்டும். இது தொழில்நுட்பம் சம்பந்தப்பட்ட கோரிக்கை மட்டுமில்லை, அமைப்பு வடிவம் சம்பந்தப்பட்டது. அடுத்த முறை ஒரு கிராமத்துக்குப் பிரச்சாரத்துக்கோ, உண்மை அறியும் குழுவாகவோ, கவிதை வாசிக்கவோ நாம் வண்டி கட்டிக்கொண்டு போகும்போது இதை யோசித்துக்கொள்ளலாம். போய் இறங்கி, துண்டறிக்கை கொடுத்து, நமக்குள் ஆங்கிலம் கலந்து பேசி, அறிக்கை எழுதி, வண்டி ஏறிவிடுகிறோம். போன பிறகு அந்த டீக்கடையில் யாராவது கேட்பார்கள், என்னய்யா சொல்லிட்டுப் போறாங்க இவங்க என்று.

கடைக்காரர் டம்ளர் கழுவிக்கொண்டே என்ன பதில் சொல்வார் என்பது நம் கையில்தான் இருக்கிறது.